வரி இருக்கா பாரு

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அம்மா சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவாள். டீ டம்ளர் மேசைமேல் இருக்கும். கொசு பேட் மேசைக்கு அடியில். கணுக்கால் உயரத்தில் அதைப் படுக்கைவசமாகப் பிடித்து, கட்டைவிரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். வீசுவதே கிடையாது. கொசு அவள் காலைத் தேடி வரும். வருகிற வழியில் பேட் இருக்கும். ‘பட்’டென்று ஒரு சத்தம், முடி கருகின மாதிரி ஒரு நெடி. உடனே குரல் வரும்:

“வரி இருக்கா பாரு.”

காலில் வெள்ளை வரி இருக்கிறதா என்று கேட்கிறாள். நான் அடுப்படியில் இருந்தாலும், போனில் பேசிக்கொண்டிருந்தாலும், வந்து குனிந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எட்டு வருஷமாக இது நடக்கிறது. அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்கு ஒரு பேட் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிற எல்லோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

நாங்கள் குடியிருப்பது சைதாப்பேட்டையில், அடையாற்றுக்கு நடக்கிற தூரத்தில். அப்பா போன பிறகு அம்மா திருவாரூர்ப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். பாட்டி காலத்து ஆட்டுக்கல்லையும் விடாமல் கொண்டுவந்தாள். மூன்று பேர் சேர்ந்து அதை மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் பொழுது சாயும்போது நொச்சித் தழையும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவார்கள். திண்ணை, கொல்லை என்று காற்று ஓடுகிற வீடு அது. புகை வந்து போய்விடும். சென்னையில் இரண்டு அறை வீட்டில் அதைச் செய்ய முடியாது. அம்மா கொசுவர்த்திச் சுருளுக்கு மாறினாள். ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கு அடியில் ஒன்று, ஜன்னல் ஓரம் ஒன்று எரியும். ஒரே குளிர்காலத்தில் அவளுக்கு இழுப்பு வந்தது. டாக்டர் மருந்து எழுதும் முன்னால் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல கொசுவர்த்தி கொளுத்துறீங்களா?” என்பதுதான். 2003இல் வெளியான ஓர் ஆய்வைப் பின்னாளில் படித்தேன். ஒரு சுருள் முழுதாக எரிந்து தீரும்போது வெளிவருகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று கணக்கிட்டிருந்தார்கள். அம்மா வாழ்நாளில் சிகரெட் புகை அண்டவிட்டதில்லை. அப்பா வெற்றிலை போட்டாலே திட்டுவாள். அவள் படுக்கிற அறையில் தினம் இரண்டு சுருள் எரிந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

லிக்விட் மெஷின் வைத்துப் பார்த்தோம். அந்த வாசனைக்கும் அவளுக்கு இருமல். அப்படித்தான் ரங்கநாதன் தெருவில் ஒரு நாள் பேட் வாங்கிவந்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல் கொசு ‘பட்’டென்று வெடித்தபோது அவள் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து நானும் என் வீட்டுக்காரரும் கைதட்டினோம். அன்று ராத்திரி புகை இல்லாத அறையில் தூங்கினாள். ஒரு மாதத்தில் இழுப்பு நன்றாகவே குறைந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே பேட்டைக் கண்டுபிடித்தவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். தைவானைச் சேர்ந்த ஒருவர் 1996இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார்.

மூன்று வருஷம் இப்படியே போனது. தினம் ராத்திரி எட்டரைக்குக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அம்மா வேட்டையைத் தொடங்குவாள். இருபது, முப்பது விழும். அவள் பேரன், அதாவது என் மகன், எண்ணுவான். வீட்டில் கொசு இல்லை என்று நிம்மதியாகப் படுப்போம்.

2017 அக்டோபரில் பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க டெங்கு. எங்கள் தெருவிலேயே நான்கு வீடுகளில் காய்ச்சல். நாலாம் நாள் உடம்புச் சூடு இறங்கியது. நாங்கள் அப்பாடா என்று மூச்சுவிட்டோம். அன்றைக்குத்தான் அவன் சோர்ந்து விழுந்தான். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாட்கள்தான் ஆபத்தானவை என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிற கட்டம் அது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் திரவம் ஏற்றி, நாளுக்கு இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பிளேட்லெட் 38,000 வரை இறங்கியது.

மூன்றாம் நாள் ராத்திரி வார்டுக்கு வந்த டாக்டரிடம் அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: “தெனமும் முப்பது கொசு அடிப்பேன் டாக்டர். ஒண்ணு விடமாட்டேன். எப்படி வந்துச்சுன்னே தெரியல.”

அவர் கேட்டார்: “எத்தன மணிக்கு அடிப்பீங்கம்மா?”

“ராத்திரி, படுக்கறதுக்கு முன்னாடி.”

“பையன் பகல்ல தூங்குவானா?”

ஸ்கூல் விட்டு வந்து, சாப்பிட்டு, மூன்றரையில் இருந்து ஐந்து வரை தூங்குவான். தினமும் தூங்குவான். ஃபேன் காற்று சளி பிடிக்கும் என்று அம்மா மெதுவாக வைத்திருப்பாள். கொசுவலை கட்ட மாட்டோம். பகலில் யார் கொசுவலை கட்டுகிறார்கள்?

டாக்டர் அதிகம் பேசவில்லை. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, காலையிலும் சாயங்காலத்திலும் அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ராத்திரி ராத்திரியாக நாங்கள் அடித்துக் குவித்தது ஒரு கொசு. குழந்தையைக் கடித்தது வேறொரு கொசு.

வீட்டுக்கு வந்த மறுநாளே அம்மா பகலில் பேட்டைக் கையில் எடுத்துவிட்டாள். அவளுக்குக் கோபம். கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தாள். நான் வேறொன்று செய்தேன். விழுந்த கொசுக்களை ஒரு வெள்ளைத் தாளில் சேர்த்து, மகனின் பூதக்கண்ணாடியால் பார்க்க ஆரம்பித்தேன். பேட்டில் பட்ட கொசு எல்லாமே கருகிப்போவதில்லை. பல முழுசாகவே விழும். கால்களைப் பார்த்தாலே போதும். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கருப்பாக இருக்கும், கால்களில் வெள்ளை வளையங்கள் வரிவரியாக ஓடும், முதுகில் யாழ் வடிவத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். ராத்திரி வருகிற க்யூலெக்ஸ் வெறும் பழுப்பு நிறம், வரி இருக்காது. அது யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது, டெங்குவை அல்ல. மீசை பஞ்சுபோலப் புசுபுசுவென்று இருந்தால் ஆண் கொசு. அது யாரையும் கடிக்காது. ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றைப் பிரித்துப் பார்த்துத்தான் மலேரியாக் கிருமியின் வழியைக் கண்டுபிடித்தார். வயிற்றைப் பிரிக்க நம்மால் முடியாது. காலைப் பார்ப்பது யாருக்கும் முடியும். அதை மூன்று வருஷமாக நாங்கள் செய்யவில்லை.

அந்த நேரம் பார்த்து பேட் படுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு மங்கலாக எரியும், கொசு விழுந்து ஒரு நிமிஷத்தில் எழுந்து பறந்துவிடும். தூக்கிப் போட மனசு வராமல் ரிச்சி தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்னக் கடையில் பழுது பார்க்கிற தம்பி நான்கு திருகாணிகளைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னான்: “அக்கா, பேட்டு சாகல. பேட்டரிதான் செத்துடுச்சு.”

எனக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. அவனும் பொறுமையாகக் காட்டினான். கைப்பிடிக்குள் ஒரு 4 வோல்ட் பேட்டரி. ஈயமும் அமிலமும் உள்ளது, ஸ்கூட்டர் பேட்டரியின் குட்டித் தம்பி. அதற்கு மேல் விரல் நீளத்துக்கு ஒரு பலகை. பேட்டரியில் இருந்து வருவது ஒரே சீரான மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஆகாது, ஏறி இறங்குகிற மின்சாரம் வேண்டும். அதனால் ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டு விட்டு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் காதோரம் மெல்லியதாக ஒரு ரீங்காரம் கேட்கிறதே, அது இந்த வேலையின் சத்தம். சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்துகிறது. பிறகு டயோடும் கெப்பாசிட்டரும் படிக்கட்டு மாதிரி அடுக்கி மடங்கு மடங்காக ஏற்றுகின்றன. கடைசியில் வலைக்குப் போய்ச் சேரும்போது ஆயிரம் வோல்ட்டைத் தாண்டிவிடும். சில பேட்டுகளில் 3,000 வரைகூடப் போகும்.

வலை மூன்று அடுக்கு. வெளியே இரண்டு பக்கமும் இருப்பது ஒரே முனையோடு சேர்ந்தது. நடுவில் இருப்பது எதிர்முனை. கொசு வெளிவலையின் கண்ணுக்குள் நுழைந்து இரண்டையும் தொடுகிற நேரம் அதன் உடம்பே கம்பியாகிவிடுகிறது. கெப்பாசிட்டரில் தேங்கி நின்றது அத்தனையும் ஒரே கணத்தில் அதன் வழியாகப் பாய்கிறது. அதுதான் அந்தப் ‘பட்’.

“மூவாயிரம் வோல்ட்னா மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாதா?” என்று கேட்டேன்.

“உயரம் ஜாஸ்தி, சரக்கு கம்மிக்கா. மாடிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி தலைல விழற மாதிரி. சுளீர்னு இருக்கும், அவ்ளோதான். ஆனா சார்ஜ்ல போட்டுட்டு மட்டும் தொடாதீங்க. அது வேற கத.”

அந்த வேறு கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கைப்பிடியின் அடியில் இருந்து இரண்டு முள் வெளியே நீட்டுமே, நேராகச் சுவரில் சொருகுகிற பேட்டுகள், அவற்றில் பலவற்றில் வீட்டு மின்சாரத்தைத் தனியாகப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட்டைக் குறைத்து பேட்டரிக்கு அனுப்புகிறார்கள். அதாவது சார்ஜில் இருக்கும்வரை பேட்டின் உள்பக்கம் முழுவதும் சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. அந்த நேரத்தில் வலையில் கை பட்டாலோ, உடைந்த கைப்பிடியைத் தொட்டாலோ வரும் அடி கொசுவை அடிக்கிற அடி அல்ல. சார்ஜ் போட்டால் குழந்தை கைக்கு எட்டாத பிளக்கில் போடுங்கள். இரண்டு மூன்று வருஷமாக லித்தியம் பேட்டரி வைத்து, செல்போன் வயரிலேயே சார்ஜ் ஏற்றுகிற பேட்டுகள் வருகின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள் என்று சொல்வேன். மிக மலிவானது வேண்டாம். 121 ரூபாய்க்குக் குறைந்த விலையில் வெளிநாட்டில் இருந்து இறக்குமதி ஆகிற கொசு பேட்டுகளை 2021 ஏப்ரலில் ஒன்றிய அரசே தடை செய்திருக்கிறது.

ஈய பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. முழுக்கக் காலியான நிலையில் மாதக்கணக்கில் விட்டுவிட்டால் தகடுகளில் உப்புப் படிந்து பிறகு சார்ஜே ஏற்காது. கோடையில் கொசு குறைந்தது என்று பேட்டை அலமாரிக்கு மேல் போட்டுவிடுகிறோம், மழைக்காலத்தில் எடுத்தால் உயிர் இருக்காது. பேட் கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டுப் புதிது வாங்குகிறோம். பேட்டரி மாற்ற எனக்கு ஆன செலவு புது பேட்டின் விலையில் பாதிகூட இல்லை. மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றி வைத்தால் அதுவும் தேவைப்படாது. உள்ளே இருப்பது ஈயம். அது தெருக் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. பழைய பேட்டரியை அந்தத் தம்பியிடமே விட்டுவிட்டு வந்தேன்.

இனி அம்மாவின் கை வித்தை. பேட்டை டென்னிஸ் மட்டை மாதிரி வீசுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. வேகமாக வீசினால் வலைக்கு முன்னால் காற்று தள்ளிக்கொண்டு போகும், அந்தக் காற்றே கொசுவை ஒதுக்கிவிடும். மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். சுவரில் உட்கார்ந்த கொசு என்றால் பேட்டை அதன்மேல் அறையக் கூடாது. ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் பக்கத்தில் சுவரைத் தட்டினால் அது தானே எழும்பி வலையில் விழும். ஆணியில் தொங்கும் சட்டை, திரைச்சீலை மடிப்பு, குளியலறைக் கதவுக்குப் பின்புறம், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகள், இவைதான் பகலில் கொசு ஒதுங்குகிற இடங்கள். இருட்டும் ஈரமும் இருக்கிற இடமாகப் பார்த்துப் போகும். வரிக்கொசு தாழப் பறக்கும், பெரும்பாலும் முட்டிக்குக் கீழேதான் கடிக்கும். அதனால்தான் அவள் மேசைக்கு அடியில் பேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. தன் காலையே தூண்டிலாக வைத்திருக்கிறாள். விழுந்ததை உடனே பார்த்து, துடித்தால் நசுக்கிவிடுவாள்.

அடுப்படியில் ஈக்கு அவள் பேட் எடுப்பதில்லை. சாப்பாட்டுக்கு மேலே ஈயை வெடிக்கவைத்தால் அதன் துணுக்குகள் சோற்றில்தான் விழும். மின்சாரப் பொறியில் வெடிக்கிற ஈயின் உடம்பில் இருந்த பாக்டீரியாவும் வைரசும் சுற்றிலும் சிதறுகின்றன என்று அமெரிக்காவில் கான்சாஸில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். ஈக்கு மூடிதான் மருந்து. எச்சில் தட்டைக் கழுவி வைப்பதும் குப்பையைத் தினம் வெளியேற்றுவதும்தான்.

அடுப்படியில் பேட் வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் கேஸ். பேட்டில் தெறிப்பது தீப்பொறி. 2020இல் பிரான்சின் தோர்தோஞ் பகுதியில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஈ அடிக்க மின் பேட்டை எடுத்திருக்கிறார். சிலிண்டரில் கேஸ் கசிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. சமையலறை வெடித்துப் போனது, கூரையில் ஒரு பகுதியும் போனது. கையில் தீக்காயத்தோடு அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதே என்று நமக்குத் தெரியும். பேட்டின் பொத்தானும் சுவிட்ச்தான். அதேபோல, கொசு ஸ்பிரே அடித்துவிட்டு அதே அறையில் உடனே பேட்டை எடுக்காதீர்கள். பல ஸ்பிரே டப்பாக்களில் மருந்தைத் தள்ளுவதே எரியக்கூடிய வாயுதான்.

நீல விளக்கு எரிகிற பொறியை மாட்டினால் கையால் அடிக்கிற வேலையே இல்லை என்று பலர் சொன்னார்கள். 1996இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் டெலவேரில் அந்த மாதிரிப் பொறிகளில் விழுந்த பூச்சிகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 13,789 பூச்சிகள். அவற்றில் மனிதனைக் கடிக்கக்கூடியவை 31. மிச்சமெல்லாம் வெளிச்சத்தைத் தேடி வந்து செத்த அப்பாவிகள். கொசு தேடுவது நம் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும், விளக்கை அல்ல. எனக்குப் பேட்டில் பிடித்ததே இந்த இடம்தான். அடிக்கிறவர் பார்த்துத்தான் அடிக்க முடியும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பி ட்யூப் லைட்டைச் சுற்றும்போது பக்கத்து வீடுகளில் பேட் படபடக்கும். எங்கள் வீட்டில் அம்மா விடமாட்டாள். “அது என்ன பண்ணுச்சு உன்ன?” என்று லைட்டை அணைத்துவிடுவாள். வெளியே தெருவிளக்குக்கு அவை போய்விடும். ஊரில் ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற கதையை அன்றைக்கு ஒரு தடவை சொல்லுவாள்.

விழுந்த கொசுக்களுக்கு நாங்கள் ஒரு கணக்கு நோட்டும் வைத்திருந்தோம். இப்போது அதற்கு வருகிறேன். பேரனின் பழைய கட்டுரை நோட்டில் கோடு போட்டு, தேதி, நேரம், அறை, வரி உண்டா இல்லையா என்று எழுத ஆரம்பித்தோம். இரண்டு வாரத்தில் படம் தெளிவாகத் தெரிந்தது. ராத்திரி விழுந்தவை ஏறக்குறைய எல்லாமே பழுப்பு. அவை ஆற்றில் இருந்தும் சாக்கடையில் இருந்தும் வருகிறவை, அழுக்குத் தண்ணீரில் பிறந்து ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரக்கூடியவை. அதற்கு நாங்கள் செய்யக்கூடியது ஜன்னல் வலையும் கொசுவலையும்தான். மற்றதை மாநகராட்சிதான் செய்ய வேண்டும்.

வரிக்கொசு நாளுக்கு மூன்று, நான்குதான். எல்லாம் காலை எட்டுக்குள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். ஆனால் அந்தக் கொசு பிறந்த இடத்தைவிட்டு ரொம்ப தூரம் போகாது. பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே அதன் ஆயுசு முடிந்துவிடுகிறது. அதற்குச் சாக்கடை வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டும், ஒரு மூடி அளவு இருந்தாலும் போதும். ஆகவே தினம் நான்கு வரிக்கொசு எங்கள் மேசைக்கு அடியில் விழுகிறது என்றால் அவை எங்கள் கட்டடத்திலேயோ ஒட்டியிருக்கிற வீட்டிலேயோதான் பிறக்கின்றன. ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டை இடுகிற கொசுவை நாலு நாலாக அடித்து ஒருநாளும் தீராது. இது புரிந்த அன்றைக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு டார்ச்சை எடுத்தேன்.

தொட்டி மூடியிருந்தது. பூந்தொட்டிக்கு அடியில் தட்டு இல்லை. பக்கெட், டிரம் எல்லாம் காய்ந்திருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. வாரம் ஒரு தடவை வருகிற கொசு ஒழிப்புப் பணியாளர் அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். வழக்கமாக வாசலில் நின்று, “தண்ணி தேக்கி வச்சிருக்கீங்களாம்மா?” என்று கேட்பார், நாங்கள் “இல்லைங்க” என்போம், போய்விடுவார். அன்று நோட்டை இரண்டு பக்கம் படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார். “நேரா ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி வாங்க” என்றார்.

ஃபிரிட்ஜின் பின்புறம், அடியில், கம்ப்ரசருக்கு மேலே ஒரு தட்டு இருக்கிறது. உள்ளே உருகுகிற தண்ணீர் அங்கே சொட்டும். அதைக் கழற்றலாம் என்பதே எனக்குத் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் தண்ணீருக்குள் பத்துப் பதினைந்து கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தலைகீழாகத் தொங்கி, வாலில் இருக்கிற குழாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் சாப்பிடுகிற மேசையில் இருந்து ஆறடி தூரம்.

“இன்னும் இருக்கும்மா. இது மட்டும் இவ்ளோ தராது. மாடிக்குப் போலாம்.”

மாடியில் அவர் நேராக ஆட்டுக்கல்லிடம் போனார். எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. கிரைண்டர் வந்த பிறகு யாரும் தொடாத கல். குழவியை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தோம். மழை பெய்து குழி நிறையும், அம்மா மூட்டுவலியோடு மாடி ஏறும்போதெல்லாம் சொம்பால் மொண்டு ஊற்றிவிடுவாள். அதுவரை அவளும் கவனமாகத்தான் இருந்திருக்கிறாள். ஆனால் வரிக்கொசு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீரை மொண்டு ஊற்றினாலும் முட்டை அங்கேயே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. அடுத்த மழையில் தண்ணீர் தொட்டால் பொரியும். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். சொரசொரப்பான கருங்கல் குழி அதற்கு நல்ல தொட்டில்.

அம்மா படியேறி வந்து பார்த்தாள். குழிக்குள் கையை விட்டு ஒரு கை தண்ணீர் அள்ளினாள். உள்ளங்கையில் புழு நெளிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேரனைக் கடித்த கொசு அந்தக் கல்லில்தான் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம், எதிர்வீட்டில் கடித்திருக்கலாம். நான் அதை அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொள்வாள், பதில் சொல்ல மாட்டாள். அவள் மாமியார் அரைத்த கல் அது. கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு அவள் அதில்தான் உளுந்து அரைத்தாள்.

“எடுத்துட்டுப் போகச் சொல்லலாமாம்மா?” என்று அந்த அக்கா மெதுவாகக் கேட்டார்.

“வேணாம்” என்றாள் அம்மா. “மண்ணு போடுறேன்.”

அன்று சாயங்காலமே தென்னை நார் பிரஷ்ஷும் சோப்புத் தூளும் வைத்துக் குழியின் உள்பக்கத்தைத் தேய்த்தாள். நான் தேய்க்கிறேன் என்றால் தரவில்லை. அரை மணி நேரம் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மறுநாள் மணலும் எருவும் கலந்து விளிம்பு வரை நிரப்பினாள். அதில் பிரண்டைக் கொடி நட்டாள். கொடி இப்போது கைப்பிடிச் சுவர் முழுக்க ஏறி நிற்கிறது. மாதம் இரண்டு தடவை துவையல். ஃபிரிட்ஜ் தட்டை ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் கழற்றித் தேய்த்துக் கழுவுகிறான். பகலில் யார் படுத்தாலும் கொசுவலை உண்டு.

அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் நோட்டில் வரி என்ற பத்தி காலியாக ஆரம்பித்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு. நோட்டைப் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் காட்டினேன். ஒரு வீட்டில் வாட்டர் கேனின் வெட்டிய பாதியில் மணி பிளான்ட் வைத்திருந்தார்கள். மற்ற வீட்டில் மாடியில் இரண்டு டயர். நான் போய்ச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். தேதியும் நேரமும் எழுதிய நோட்டைப் பார்த்து அவர்களே டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ராத்திரிக் கொசு குறையவில்லை. இன்றைக்கும் எட்டரைக்கு இருபது விழும். அதற்கு ஆறு சுத்தமாக வேண்டும், கால்வாய் ஓட வேண்டும். அதற்காக எழுதுகிற மனுக்களிலும் நான் இந்த எண்களைச் சேர்த்து அனுப்புகிறேன்.

நேற்று சாயங்காலம் நல்ல மழை விட்டிருந்தது. அம்மா மேசையில் உட்கார்ந்திருந்தாள். மகன், இப்போது அவன் என்னைவிட உயரம், எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மேசைக்கு அடியில் ‘பட்’.

“வரி இருக்கா பாருடா.”

அவன் குனிந்து, தாளில் எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். ஒரு நிமிஷம் பார்த்தான்.

“இருக்கு பாட்டி.”

அம்மா டம்ளரை வைத்தாள். நான் அடுப்பைச் சின்னதாக்கினேன். அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டான்.